கரையேற்றிய புள்ளி

திருடன் ஏரிக்கு நடுவில் குடியிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. நான் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. பட்டப்பகலில் பூட்டு உடைபட்ட வீடுகளையெல்லாம் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் வைத்து, இந்த ஆள் எங்கேயிருந்து கிளம்பி வருகிறான் என்று கேட்டால், கணக்குப் போட்டு ஒரு சிவப்புத் திட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியர். அன்றைக்கு ஜோசியர் அந்தச் சிவப்பைக் கொண்டுபோய் நட்டநடுத் தண்ணீரில் வைத்துவிட்டார்.

எனக்குக் காவல் துறையின் வரைபடப் பிரிவில் வேலை. காக்கி கிடையாது, விசில்கூடக் கிடையாது. ஒரு மேசை, இரண்டு திரை, கழுத்து வலி. யாரைப் பிடிப்பது என்று நாங்கள் சொல்வதில்லை, எங்கே தேடுவது என்று சொல்வோம். ஜோசியர் போடும் கணக்கும் ஒன்றும் மாயமில்லை. திருடனுக்கும் சோம்பல் உண்டு, ரொம்பத் தூரம் போக மாட்டான். அதற்காகத் தன் தெருவிலேயே கை வைக்கவும் மாட்டான், எதிர்வீட்டுக்காரி பார்த்துவிடுவாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே நேர்கோடு போட்டு அளந்தால், அவன் இருப்பிடம் ஏறக்குறைய பிடிபடும். பல வழக்குகளில் பிடிபட்டும் இருக்கிறது.

இந்தத் திருடன் ஒரு வருடமாக ஊரைப் படுத்திக்கொண்டிருந்தான். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, மதிய நேரத்தில், பின்பக்கமாக வருவான். கைப்பேசி, மடிக்கணினி, நகை என்று கையில் அடங்குவதை மட்டும் எடுப்பான். ஏரியைச் சுற்றி நாலா பக்கமும் அவன் கை படாத குடியிருப்பு இல்லை. அதனால்தான் ஜோசியரின் சிவப்பு ஏரிக்குள் விழுந்தது. வட்டமாகப் புள்ளி வைத்தால் நடுவில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவர் காட்டுவார்.

இப்படிச் சிவப்பு தண்ணீரிலோ பாறையிலோ ரயில் பாதையிலோ விழுந்தால் அதற்கு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு ஆக அடர்த்தியாக இருக்கும் உச்சப்புள்ளியைப் பிடித்து, பக்கத்தில் ஆள் குடியிருக்கிற இடம் எதுவோ அங்கே நகர்த்திவிடுவோம். கரையேற்றுவது என்போம். யார் தொடங்கிவைத்த பழக்கமோ, எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள், நானும் செய்தேன். புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்துக் கிழக்குக் கரையில் விட்டேன். திரையில் தெருப் பெயர் வந்தது: பம்ப் ஹவுஸ் தெரு.

என் தம்பி குடியிருக்கும் தெரு அது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரு என்றால் நூறு பேர் இருப்பார்கள், அதில் அவனும் ஒருவன் என்றுதான் நினைத்தேன். படத்தை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள், அந்தத் தெருவில் பழைய வழக்கு உள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் தேடச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஆள்தான் அகப்பட்டான். என் தம்பி.

தம்பி பத்தொன்பது வயதில் செய்த கூத்து அது. சிநேகிதன் எவனோ திருடிய பைக்குகளை இரண்டு வாரம் வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னான், இவனும் கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்டான். சிநேகிதன் ஓடிவிட்டான், இவன் உள்ளே போனான். சில மாதங்கள்தான். ஆனால் வெளியே வந்தவன் என் பழைய தம்பி இல்லை, கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது என்பார்கள்; இவன் அதற்குப் பிறகு சிநேகிதர்கள் பக்கமே போகவில்லை. தொழில் கற்றான். இப்போது குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்க்கிறான். ஊரில் பாதிச் சமையலறைக்குள் அவன் தனியாகப் போய் வருகிறான், யாரும் பின்னால் நின்று பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கைதான் அவன் சோறு.

திருட்டுப் போன வீடுகளில் சிலவும் அவன் வாடிக்கை. இது எனக்கு அப்போதே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் என்னைக் கொன்றது. முந்தின வியாழக்கிழமை மதியம் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது, கைப்பேசி அணைந்திருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூலையில் பெரிய பெரிய பெட்டிகள், மேலே போர்வை போட்டு மூடியிருந்தன. சாயங்காலம் போனில் கேட்டால், மதியம் முழுக்க வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். அன்று மதியம்தான் ஏரிக்கு வடக்கே கடைசித் திருட்டு நடந்தது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். கதவைச் சாத்திக்கொண்டு, புள்ளியை வேறு தெருவுக்கு நகர்த்தினால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அதுதான் தண்ணீரில் விழுந்த புள்ளியாயிற்றே, கிழக்கே இழுத்த கையால் தெற்கே இழுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது. அப்படி யோசித்ததற்காக என்னையே ஓங்கி அறையலாம் போல இருந்தது. எழுந்து ஆய்வாளரின் அறைக்குப் போனேன்.

எங்கள் ஆய்வாளருக்கு அமைதி என்று பெயர் வைத்திருக்கிறோம். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டு வாங்கியவன் வெளியே வந்து யோசித்த பிறகுதான் தன்னைத் திட்டியிருக்கிறார் என்றே அவனுக்குத் தெரியும்.

"சார், அந்தத் தெருவுல நீங்க பாத்த ஆளு என் தம்பி" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரியும்மா. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். அவனப் பத்தி எனக்குத் தெரிய வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலும் நானும் தவிர அதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் சொன்னேன். பூட்டிய வீடு, அணைந்த போன், போர்வை போட்ட பெட்டிகள், தூங்கினேன் என்ற பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. திங்கள் காலையில் ஜீப் போகும், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், அதுவரை தம்பியிடம் மூச்சு விடக்கூடாது, இந்த வழக்கை நீங்கள் இனித் தொடவும் கூடாது என்றார். விசாரித்துவிட்டு அனுப்புவது அவருக்குச் சின்ன விஷயம். அந்தத் தெருவில் ஜீப் போய் நின்றால், மறுநாளே எந்த வீட்டுச் சமையலறையும் தம்பிக்குத் திறக்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

அறையை விட்டு வெளியே வந்தேன், நடைவழியில் எதிரே நாங்கள் சேத்துக்கால் என்று கூப்பிடுகிறவள் வந்தாள். எங்கள் பிரிவில் நிலத் தரவு அவள் பொறுப்பு: எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த மாதம் எங்கே புதர் மண்டும், ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் எல்லாம். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கிற வேலையை இவள் நடந்து போய்ப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வாள். சேற்றுக்கால் தடம் பதிக்காமல் அலுவலகத்துக்குள் வந்த நாளே இல்லை. நிலத்தை ஜோசியருக்குள் ஏற்ற வேண்டும் என்று என்னிடம் பல மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருக்கிற வேலையே கழுத்து வரைக்கும் கிடக்கிறது, செருப்பு தேய்கிறதுதான் மிச்சம் என்று நானும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் முழங்கால் வரை சேறு. கோடையில் அவள் நடந்து கடந்த ஏரிப் பாதை இப்போது தண்ணீருக்குள் போய்விட்டதாம், அது தெரியாமல் கால் வைத்தாளாம். வாய்க்கு வந்தபடி ஏரியைத் திட்டிக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.

நான் நடைவழியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஏரி வருடம் முழுக்க ஏரி இல்லை. வெயில் காலத்தில் வற்றி மைதானமாகிவிடும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஜனங்கள் குறுக்கே நடப்பார்கள். மழைக்குப் பிறகு அதே இடம் கடல் மாதிரிக் கிடக்கும், சுற்றித்தான் போக வேண்டும். ஜோசியருக்கு இது தெரியாது. அவர் வெயில் காலத் திருட்டையும் மழைக் காலத் திருட்டையும் ஒரே தட்டில் போட்டு நேர்கோடு இழுத்துவிட்டார். நாங்கள் அவரைவிடப் பெரிய புத்திசாலிகள், ஏரியில் விழுந்த புள்ளி ஏன் ஏரியில் விழுந்தது என்று கேட்காமல் இழுத்துக் கரையில் போட்டோம்.

மேசையில் வழக்குத் தாள்கள் இருந்தன. எந்தத் திருட்டு எந்தத் தேதியில் நடந்தது என்று அதில் இருக்கும். வரைபடத்துக்கு முகவரிதான் வேண்டும் என்பதால் கடைசித் திருட்டைத் தவிர மற்ற தேதிகளை நான் கவனித்ததே இல்லை. இப்போது பார்க்க என் கை பரபரத்தது. பார்க்கவில்லை. பார்த்து, அது தம்பிக்கு எதிராக இருந்தால், தண்ணீரைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாதகமாக இருந்தால் மட்டும் பேசுவதற்குப் பெயர் வேலை இல்லை, பேரம். தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி அமைதியின் கதவைத் தட்டினேன்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். நிலத்தையும் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், நான் தொட மாட்டேன், சேத்துக்கால் போடட்டும் என்றேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"தேதியெல்லாம் பாத்துட்டு வந்துதான் பேசறீங்களா?"

"பாக்கல சார். புள்ளி எங்க போய் விழும்னு எனக்கும் தெரியாது."

"இப்ப ஒரு தெருவுலதான் விழுந்திருக்கு. நாளைக்கு அவன் வீட்டு வாசல்லயே விழலாம்."

"விழட்டும் சார்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை.

திங்கள் காலை வரைக்கும் நேரம் கொடுத்தார். சேத்துக்காலிடம் நானே போய்க் கேட்டேன். இத்தனை மாதம் விரட்டினாயே, இப்போது மட்டும் இனிக்கிறதா என்று நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் மேசையைச் சுத்தம் செய்தாள். அதுவே எனக்கு நாலு வார்த்தையை விட உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தான், அவன் மனைவியும் கூட வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. என் வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடிகட்டி மாற்ற வேண்டிய மாதமாம், அவனுக்கு நினைவிருந்தது. சமையலறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து திருகாணி முடுக்கியை எடுத்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியைக் கழற்றும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரையில் விழவில்லை. எவ்வளவு சத்தமில்லாமல் திறக்கிறான் என்று நினைத்தேன், நினைத்த மறுகணம் எனக்கே அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கப் போனேன்.

பேச்சோடு பேச்சாக மறுபடியும் கேட்டேன். வியாழக்கிழமை மதியம் ஏன் போனை அணைத்து வைத்திருந்தாய் என்று. தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொன்னேனே அக்கா என்றான். நான் வாசலில் நின்று தட்டினேனே என்றேன். நல்ல தூக்கம் என்றான். காது மடல் சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்குக் காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அவன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் சேர்ந்து சோற்றில் மறைத்தார்கள். சாப்பிடச் சொன்னேன், நிறைய வேலை இருக்கிறது, வீட்டை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். ஒழிக்க வேண்டும் என்ற சொல் என் காதிலேயே நின்றது. பெட்டிகளைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று பார்த்தேன். மூச்சு விடக்கூடாது என்று அமைதி சொன்னது நினைவு வந்தது. புது வடிகட்டியில் இறங்கிய தண்ணீரை ஒரு குவளை குடித்துவிட்டுப் பேசாமல் படுத்தேன்.

திங்கள் காலையில் அலுவலக வாசலிலேயே ஜீப் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அமைதியின் அறை சாத்தியிருந்தது, சேத்துக்கால் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்தச் சாமியிடம் என்னவென்று வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா.

கதவு திறந்தது. அமைதி எட்டிப் பார்த்து, வாங்க என்றார். பிறகு என்னைக் கடந்து வாசல் பக்கம் பார்த்து, ஓட்டுநரிடம் வண்டியை நிழலில் விடச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

திரையில் புதுப் படம் இருந்தது. ஏரிக்குள் சிவப்பு இல்லை. கிழக்குக் கரையிலும் இல்லை. பம்ப் ஹவுஸ் தெரு வெளிறிப்போய் ஒரு ஓரத்தில் கிடந்தது. மேற்கே, கல்குவாரிக்குக் கீழே, முள்புதர் சரிவை ஒட்டி ஒடுக்கமாக ஒரு சிவப்புக் கீற்று. அதில் இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான்.

சேத்துக்கால் விளக்கினாள், நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மீதியைப் பிறகு கேட்டுக்கொண்டேன். அவள் ஒவ்வொரு திருட்டுக்கும் அன்றைய தேதியில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று நீர்ப்பாசனத் துறையிடமிருந்து வாங்கிச் சேர்த்திருந்தாள். அந்த மாதம் புதர் எவ்வளவு அடர்த்தி, சரிவு எவ்வளவு, எங்கே களிமண், எங்கே தார்ச்சாலை, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, அளவுகோல் தூரத்தைக் காலால் நடக்கிற தூரமாக மாற்றியிருந்தாள். காய்ந்த ஏரியில் அவன் நாலா பக்கமும் போயிருக்கிறான். தண்ணீர் ஏற ஏற அவன் உலகம் சுருங்கியிருக்கிறது. ஏரி நிரம்பிய பிறகு கிழக்கே ஒரு வீட்டைக்கூட அவன் தொடவில்லை. மேற்கிலும், உபரித் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டி வடக்கிலும்தான். கிழக்குக் கரைக்காரனாக இருந்தால், கையெட்டும் வீடுகளை விட்டுவிட்டு, கடைகளும் கேமராவும் நிறைந்த பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்து திருட அவனுக்கு என்ன தலையெழுத்தா. மூன்று மழை மாதமும் அந்தத் தேதிகள் என் மேசையில்தான் கிடந்தன.

சேத்துக்கால் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவளிடம் சொன்னேன். தலைப்பாகை இன்னும் போகவில்லை, படம் வெறும் படம்தான், ஆளைப் பிடித்த பிறகு அழுதுகொள் என்றாள். அமைதியும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். வரைபடம் யாரையும் குற்றவாளி ஆக்காது, நிரபராதியும் ஆக்காது, எங்கே போய் உட்கார்வது என்று மட்டும் சொல்லும் என்றார்.

எங்கே உட்கார்வது என்பதைப் படம் நன்றாகவே சொல்லியிருந்தது. ஏரி நிரம்பியிருக்கும்போது அந்தச் சரிவிலிருந்து வடக்கே போக ஒரே வழி, வாய்க்கால் மேல் யாரோ போட்டுவைத்த பலகைப் பாலம். அமைதி அங்கே மதிய வேளைகளில் இரண்டு பேரைச் சாதாரண உடையில் தூண்டிலோடு உட்காரவைத்தார். அந்த வாரம் முடிவதற்குள் அவர்களுக்கு மீனும் கிடைத்தது, ஆளும் கிடைத்தான். தலையில் புல்லுக்கட்டோடு ஒருவன் பாலத்தைக் கடந்தான். மாட்டுக்குப் புல் அறுத்துப் போகிறவனை இந்த ஊரில் யார் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு மடிக்கணினி இருந்தன. வீடு சரிவுக்குக் கீழே, சிவப்புக் கீற்றுக்குள்ளேயே. மாடு மட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், திருட்டுப் பொருளில் பாதி வீட்டுப் பரணிலேயே இருந்தது.

செய்தி வந்ததும் நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆற அமர அழுதேன். வெளியே வந்து சேத்துக்காலைக் கட்டிக்கொண்டேன், என் புடவையெல்லாம் சேறு. இனிமேல் எங்கள் பிரிவில் யாரும் எந்தப் புள்ளியையும் கரையேற்றக்கூடாது என்று அன்றைக்கே எழுதி ஒட்டினேன். தண்ணீரில் விழுந்தால் தண்ணீரிலேயே கிடக்கட்டும், ஏன் விழுந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சாயங்காலம் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். மனதில் இன்னும் ஒரு முள் பாக்கியிருந்தது. அவன் திருடன் இல்லை, சரி. பிறகு எதற்குப் பொய் சொன்னான்?

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்ததே அவன் மனைவிதான், முகமெல்லாம் சிரிப்பு. கூடத்தில் போர்வை இல்லை, பெட்டிகள் பிரித்துக் கிடந்தன. கம்பி கம்பியாக வெள்ளை மரச்சட்டங்கள், ஒரு சின்ன மெத்தை, திருகாணிகள் ஒரு கிண்ணம் நிறைய. குழந்தைக் கட்டில். தம்பி நடுவில் உட்கார்ந்து, எந்தச் சட்டம் எதில் போகும் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வயதுப் பெண் குழந்தை. தத்தெடுக்கிறார்கள். ஒரு வருடமாக அதற்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை மதியம்தோறும் இரண்டு பேரும் காப்பகத்துக்குப் போய்க் குழந்தையோடு பழகவேண்டுமாம், அங்கே போனை அணைத்துவிட வேண்டுமாம். அவன் பழைய வழக்கைக் காரணம் காட்டி மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் உறுதியாகும் வரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால் குடும்பம் பாவம் பார்க்கும், அதைத் தாங்க முடியாது அண்ணி என்றாள் அவன் மனைவி. கடைசியாக வீட்டைப் பார்க்க அதிகாரி வர வேண்டியிருந்தது. அவர் வந்து பார்த்து, தெருவிலும் நாலு பேரிடம் விசாரித்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போனாராம்.

"எப்ப வந்தாங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம காலையில" என்றான் தம்பி.

நிழலில் போய் நின்ற ஜீப் என் கண் முன்னால் வந்தது. இதற்கு மேல் மறைத்து வைக்க எனக்குத் தெம்பு இல்லை. உண்மைத் திருடன் பிடிபட்டது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தெருவில் விழுந்த புள்ளி, அதை இழுத்துவிட்டது என் கை, ஆய்வாளரிடம் அவன் பூட்டிய வீட்டையும் பெட்டிகளையும் சொன்னது என் வாய். ஒரு வாரமாக உன்னைத் திருடன் என்று நினைத்துப் பயந்தேன்டா என்றேன். அவன் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி கையிலிருந்த சட்டத்தைத் தரையில் வைத்தான். "ஞாயித்துக்கெழம நீ கேட்ட விதத்துலயே தெரிஞ்சுதுக்கா. அக்கா மாதிரி கேக்கல, ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேட்ட. எதுக்குன்னுதான் புரியல."

"மன்னிச்சுடுடா."

"எதுக்கு? எனக்காகப் பொய் சொல்லியிருந்தீன்னா, இந்த ஆளு பிடிபட்டிருக்கவே மாட்டான். உன் மனசுல நான் கடைசி வரைக்கும் திருடன்தான். நீயும் சொல்லியிருக்க மாட்ட, நானும் கேட்டிருக்க மாட்டேன்."

அவன் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, என் கைப்பையை வாங்கி மூலையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை குழந்தை வருகிறது, இவர் மெஷினைத்தான் ஒழுங்காக மாட்டுவார், கட்டில் இவருக்கு வரவில்லை, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றாள். நான் தரையில் உட்கார்ந்து, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தம்பி திருகாணியைப் பொருத்தி முடுக்கத் தொடங்கினான்.